படிப்பகத்தில் குதிரைவீரனுக்கும் இடமுண்டு!

சென்ற திங்கள் ஒரு படிப்பகத்தில் அமர்ந்திருந்தோம். ஓட்டுக் கூரை. சுவரிலே தலைவர்களின் படங்கள். நீண்ட மேசையில் நமது நாளேடு, பக்கம் பக்கமாகப் பிரிந்து, நான்கு கைகளில் இருந்தது. மூலையில் ஒரு பெட்டி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் அனுப்பி வைத்த ஆங்கில நூல்கள் அதில் இருந்தன. பெட்டியைப் பிரித்ததும் வாதம் மூண்டது.

மூத்த தோழர் ஒருவர் ஒரு நூலை எடுத்தார். அட்டையிலே தொப்பி, துப்பாக்கி, குதிரை! "தம்பி, இதென்ன கூத்து? அறிவு வளர்க்கும் இடத்திலே குதிரைக்காரன் கதையா? கட்டித் தூக்கிப் போடு பரண்மேல்!" என்றார்.

இளைய தோழர் விடவில்லை. "அண்ணே, நீங்கள் எடுத்து வைத்திருக்கும் வரலாற்று நூல் ஏறத்தாழ ஆயிரம் பக்கம். எட்டு மணி நேரம் எந்திரத்தோடு நின்றுவிட்டு வந்தவன் அதைத் தூக்கவே தெம்பு வேண்டும். இந்தக் கதையென்றால் நாலு பேர் படிப்பார்களே!" என்றார்.

தீர்ப்புச் சொல்லும்படி நம்மைக் கேட்டார்கள். அங்கே சொன்னதைத்தான் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை. ஆயிரம் பக்க வரலாறும் வேண்டும். குதிரைக்காரன் கதையும் வேண்டும். ஒன்றைப் படித்தவனுக்குத்தான் மற்றொன்றின் பொருள் முழுமையாக விளங்கும். எப்படி என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

ரொட்டி கொடுத்து எழுத்து வாங்கியவன்

முதல் நூல் மிகச் சிறியது. ஓர் இரவில் படித்து முடிக்கலாம். பிரடெரிக் டக்ளஸ் என்பவர் தம் வரலாற்றைத் தாமே எழுதி 1845-இல் வெளியிட்ட நூல். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் அவர். பிறந்த நாளே அவருக்குத் தெரியாது. அடிமைக்குப் பிறந்த நாள் எதற்கு?

சிறுவனாக இருந்தபோது பால்டிமோர் நகரத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டு அம்மையார் இளகிய மனத்தோடு அவருக்கு எழுத்துக்களைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். கணவனுக்குத் தெரிந்தது, உடனே தடுத்தான். படிக்கக் கற்றுக் கொண்டவன் அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவன் கருத்து. அந்தப் பேச்சு சிறுவனின் காதில் விழுந்தது. விடுதலைக்கு வழி எது என்று எசமானே காட்டிவிட்டான்!

பிறகு அந்தச் சிறுவன் என்ன செய்தான்? வீட்டிலிருந்து ரொட்டித் துண்டுகளை எடுத்துப் போய், தெருவிலே பசியோடு திரிந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குக் கொடுத்தான். அவர்கள் பதிலுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கப்பல் கட்டும் துறையிலே, எந்தப் பலகை எந்தப் பக்கத்துக்கு உரியது என்று தச்சர்கள் மரத்தில் குறித்து வைத்த எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினான். 1838-இல் தப்பி ஓடினான். பின்னர் அமெரிக்காவே வியந்து கேட்ட பேச்சாளன் ஆனான்.

படிப்பதற்கு நேரமில்லை என்று சொல்லும் தோழர்கள் இந்த நூலை முதலில் படிக்கட்டும். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

"எமக்கு ஆங்கிலம் வராதே" என்பார் சிலர். அதற்கும் உழைப்பாளிகள் வழி கண்டிருக்கிறார்கள். கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் ஒரு வழக்கம் உண்டு. நூற்றுக்கணக்கானோர் வரிசையாக அமர்ந்து புகையிலை சுருட்டுவார்கள். ஒருவர் உயர்ந்த மேடையில் அமர்ந்து உரக்கப் படிப்பார். முதலில் செய்தித்தாள், பிறகு நாவல். படிப்பவருக்குக் கூலி கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. எந்த நாவல் வேண்டும் என்று முடிவு செய்தவர்களும் அவர்களே. அமெரிக்காவின் டாம்பா நகர ஆலைகளுக்கும் இந்த வழக்கம் போயிற்று. 1931-இல் முதலாளிகள் அங்கே அதை ஒழித்தார்கள். மேடையிலிருந்து கிளர்ச்சி பிறக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். கேரளத்துப் பீடித் தொழிலாளரிடமும் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் வழக்கம் இருந்தது. ஒருவருக்கு ஆங்கிலம் தெரிந்தால் போதும். அவர் படித்துத் தமிழில் சொல்ல, இருபது பேர் கேட்கலாம்.

381 நாள் நடந்த கால்கள்

இனி அந்த ஆயிரம் பக்க நூலுக்கு வருவோம். டெய்லர் பிராஞ்சு என்பவர் எழுதி 1988-இல் வெளிவந்த 'பார்ட்டிங் தி வாட்டர்ஸ்'. மார்ட்டின் லூதர் கிங் காலத்து அமெரிக்காவைப் பற்றி அவர் எழுதிய மூன்று பெரும் நூல்களில் முதலாவது. வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு பெற்றது. பருமனைக் கண்டு அஞ்ச வேண்டாம். மாண்ட்கமரி நகரத்துப் பேருந்துப் புறக்கணிப்பைச் சொல்லும் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள்.

நம்மில் பலருக்கு அந்தக் கதை ஒரு வரியில்தான் தெரியும். களைத்துப்போன ஒரு பெண், ரோசா பார்க்ஸ், 1955 டிசம்பர் 1-ஆம் நாள் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் கொடுக்க மறுத்தார், உடனே ஊர் பொங்கி எழுந்தது, கிங் தலைவரானார். கேட்க நன்றாயிருக்கிறது. நடந்தது அவ்வளவுதானா?

இல்லை. ரோசா பார்க்ஸ் துணிக்கடையில் தையல் வேலை பார்த்தவர்; அதோடு கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளராகவும் இருந்தவர். அவருக்கு ஒன்பது திங்களுக்கு முன்பே, மார்ச் 2-ஆம் நாள், கிளாடெட் கால்வின் என்ற பதினைந்து வயது மாணவி அதே நகரத்தில் எழ மறுத்துக் கைதானார். பார்க்ஸ் கைதான இரவில் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, கல்லூரியின் படியெடுக்கும் எந்திரத்தின் முன் விடியவிடிய நின்று, பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டார். பார்க்சைப் பிணையில் எடுக்க ஓடியவர் ஈ. டி. நிக்சன், ரயிலிலே படுக்கை விரித்துப் போடும் தொழிலாளி, தொழிற்சங்கத்துக்காரர். இருபத்தாறு வயதுக் கிங் இவர்களுக்குப் பிறகு வந்தார்.

தோழர்களே, இதை இருமுறை படியுங்கள். தலைவர் பிறப்பதற்கு முன்னே கிளை இருந்தது. கிளைக்குச் செயலாளர் இருந்தார். துண்டறிக்கை அடிக்க ஆள் இருந்தார். பிணைக்கு ஓட ஆள் இருந்தார். பேருந்தில் ஏறாமல் 381 நாட்கள் அந்த மக்கள் நடந்தார்கள். நடக்க முடியாதவர்களை ஏற்றிச் செல்ல ஊர்திகளை ஒழுங்கு செய்தார்கள். கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. தலைவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. அவர்கள் கலையவில்லை. கால்வினும் வேறு பெண்களும் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1956 டிசம்பர் 21-ஆம் நாள் விரும்பிய இருக்கையில் அமர்ந்தார்கள்.

மேடையிலே முழங்குபவனைத்தான் வரலாறு நினைவில் வைக்கும் என்று சோர்ந்து போகும் கிளைத் தோழர்களுக்கு இந்த நூல் மருந்து. ராபின்சன் அம்மையாரே இந்தப் போராட்டத்தைப் பற்றி 1987-இல் ஒரு சிறு நூல் எழுதினார். பெரிய நூல் கிடைக்காதவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

அடுத்தது, மைக்கேல் ஹனி 2007-இல் எழுதிய 'கோயிங் டவுன் ஜெரிக்கோ ரோடு'. கிங் எதற்காக மெம்பிசு நகரத்துக்குப் போனார், எங்கே சுடப்பட்டார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அவர் போனது குப்பை அள்ளும் தொழிலாளருக்காக! 1968 பிப்ரவரி 1-ஆம் நாள் மழைக்கு ஒதுங்கிய இரு தொழிலாளர்கள் குப்பை வண்டியின் எந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். ஏறத்தாழ 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். தாமும் மனிதரே என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். ஏப்ரல் 4-ஆம் நாள் கிங் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-ஆம் நாள் சங்கத்தை ஏற்று, கூலியை உயர்த்தி, நகராட்சி உடன்பாட்டுக்கு வந்தது. நம் ஊர்களிலே மலக்குழியில் இறங்கி மூச்சடைத்து மாண்டவர்களை நினைப்பவர்கள் இந்த நூலை மூட முடியாமல் தவிப்பார்கள்.

மால்கம் எக்ஸ் தன் வரலாறும் பெட்டியில் இருந்தது. 1965 பிப்ரவரியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அதே ஆண்டில் வெளிவந்த நூல். சிறையில் கிடந்தபோது சொற்கள் தெரியாமல் தவித்த அவர், அகராதியையே பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்து மொழியைக் கற்ற கதை அதில் வருகிறது. கிங்கின் வழியை அவர் ஏற்கவில்லை, கடுமையாகத் தாக்கினார். ஆகவே இரண்டையும் படியுங்கள். ஒரே பக்கத்தின் குரலைக் கேட்டுவிட்டு வழக்குத் தெரியும் என்று சொல்லாதீர்கள்.

இவர்களுக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். 1946-இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேரறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். அம்மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். டுபாய்சு மறுமொழி எழுதினார். 1959-இல் கிங் இந்தியாவுக்கு வந்தபோது, கேரளத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர்கள் படித்த பள்ளியொன்றில், தங்களைப் போன்ற தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்த கிங், பிறகு எண்ணிப் பார்த்து, அது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டதாக அவரே சொன்னார். உறவு இதுதான்.

குதிரைக்காரன் கதை குப்பையா?

இனி மூத்த தோழர் பரண்மேல் போடச் சொன்ன நூல்களுக்கு வருவோம்.

அமெரிக்க மேற்குப் பகுதிக் கதைகள் நமக்குப் புதியவை அல்ல. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்கள் நம் தோழர்களிலே எத்தனையோ பேர். அந்த டெக்ஸ் வில்லரே இத்தாலியில் 1948-இல் பிறந்தவன் என்பது வேறு செய்தி! பொழுது போக்குவதற்காகப் படித்தோம், தவறில்லை. ஆனால் அந்தக் கதைகளின் அடியிலே ஒரு வழக்கு ஓடுகிறது. நிலம் யாருக்கு? சட்டம் யாருடையது? தூக்குக் கயிறு யார் கையில்? இந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு படித்தால் பொழுதுபோக்கும் பாடமாகும்.

இவ்வகை நாவல்களுக்கு மூலமாகச் சொல்லப்படுவது ஓவன் விஸ்டர் எழுதிய 'தி வர்ஜீனியன்'. ஆண்டு 1902. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1892-இல், வயோமிங் மாநிலத்தில் உண்மையாகவே ஒரு போர் நடந்தது. பெரும் மாட்டுப்பண்ணை முதலாளிகள், சிறு பண்ணைக்காரரை மாடு திருடர் என்று குற்றஞ்சாட்டி, டெக்சாசிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை இறக்கிச் சுட்டுக் கொன்றார்கள். விஸ்டரின் நாவல் யார் பக்கம்? முதலாளிகள் பக்கம்! மாடு திருடியதாகத் தன் பழைய நண்பனையே தூக்கிலிடுகிறான் கதாநாயகன். அது சரியே என்று ஒரு நீதிபதி நீண்ட விளக்கம் சொல்கிறார். தெற்கே கறுப்பரை எரிப்பது வேறு, இங்கே திருடனைத் தொங்கவிடுவது வேறு என்கிறார். அழகான நடை, அருமையான வருணனை, அடியிலே நஞ்சு! அதற்காகவே படிக்க வேண்டும். எதிரியின் வாதத்தை அவன் வாயாலேயே, அதுவும் அவன் அழகாகப் பேசும்போதே கேட்டறிந்தவன்தான் மறுமொழி சொல்ல வல்லவன்.

மறுபக்கம் பேசுவது ஜேக் ஷேபர் எழுதிய 'ஷேன்'. 1949-இல் நூலாக வந்தது. இதில் சிறு குடியானவர்கள் பக்கம் கதை நிற்கிறது. நிலம் முழுவதும் தனக்கே என்கிறான் பெரும்பண்ணைக்காரன். எங்கிருந்தோ வந்த ஒருவன் குடியானவன் வீட்டில் தங்குகிறான். இருவரும் சேர்ந்து, பல நாள் கிடந்த ஒரு பெரிய அடிமரக் கட்டையைக் கோடரியால் வெட்டி வேரோடு பெயர்க்கிறார்கள். ஒரு சிறுவன் கண்ணால் அது சொல்லப்படுகிறது. துப்பாக்கிச் சண்டையைவிட அந்தக் காட்சிதான் நம் நெஞ்சில் நிற்கிறது. இரண்டு உழைப்பாளிகள் ஒருவரையொருவர் எப்படி அறிந்துகொள்கிறார்கள் என்பதை நூலாசிரியர் அங்கே காட்டிவிடுகிறார்.

இன்னொரு செய்தியும் தோழர்கள் அறிய வேண்டும். படத்திலே காணும் மாடோட்டி எப்போதும் வெள்ளையன். உண்மையிலே மாடோட்டிகளில் நால்வரில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றறிஞர் பலர் கணக்கிடுகின்றனர். டென்னசியில் அடிமையாகப் பிறந்து மாடோட்டியான நாட் லவ் 1907-இல் தன் வரலாறு எழுதினார். தற்பெருமை கொஞ்சம் தூக்கல்; சுவைக்குக் குறைவில்லை. மாடோட்டும் காலம் மறைந்ததும் அவர் என்ன வேலைக்குப் போனார் தெரியுமா? ரயிலில் படுக்கை விரிக்கும் தொழிலுக்கு! ஆம், மாண்ட்கமரியின் நிக்சன் பார்த்த அதே தொழில். அத்தொழிலாளருக்கு 1925-இல் சங்கம் கண்ட பிலிப் ரண்டால்பு, 1963 ஆகஸ்டு 28-இல் வேலைக்கும் விடுதலைக்குமாக வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேரைத் திரட்டிய பேரணிக்குத் தலைவர். பெட்டியின் அடியில் கிடந்த குதிரைக்காரன், மேலே இருந்த வரலாற்று நூலுக்கு உறவுக்காரன் ஆகிவிட்டான் பாருங்கள்! 1883-இல் டெக்சாசில் மாடோட்டிகள் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தமே செய்திருக்கிறார்கள். அது தோற்றது. ஆனால் அதைச் சொல்லும் படம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அந்த நிலமெல்லாம் முதலில் யாருடையது என்ற கேள்விக்கு விடை, டீ பிரவுன் எழுதி 1970-இல் வந்த 'பெரி மை ஹார்ட் அட் ஊண்டட் நீ'. செவ்விந்தியர் எனப்பட்ட பழங்குடி மக்கள் 1860 முதல் 1890 வரை எப்படி நிலமிழந்தார்கள் என்பதை அவர்கள் பக்கம் நின்று சொல்லும் நூல். எழுதியவர் ஒரு நூலகர்! இதைப் படிக்காமல் குதிரைக்காரன் கதையை மட்டும் படிப்பவன் பாதிக் கதை கேட்டவன்.

வதந்தியும் தூக்குக் கயிறும்

ஒரே ஒரு நாவல்தான் படிக்க முடியும் என்பவருக்கு நாம் கொடுப்பது, வால்டர் வான் டில்பர்க் கிளார்க் 1940-இல் வெளியிட்ட 'தி ஆக்ஸ்-போ இன்சிடெண்ட்'.

1885, நெவாடாவில் ஒரு சிற்றூர். மாடுகள் திருடு போயின, கின்கெய்ட் என்பவனைச் சுட்டுவிட்டார்கள் என்று ஒருவன் ஓடி வந்து சொல்கிறான். கண்டவர் இல்லை, கேட்டவர் மட்டுமே. கூட்டம் கூடுகிறது. கடைக்காரர் டேவிஸ், சட்டப்படி செய்யுங்கள் என்று கெஞ்சுகிறார். கோழை என்று சிரிக்கிறார்கள். முன்னாள் படை அதிகாரி ஒருவர் தலைமை ஏற்கிறார். இரவில், மலைப் பள்ளத்தாக்கில், மூன்று பேரைப் பிடிக்கிறார்கள். மாடுகளை வாங்கினேன், சீட்டு மட்டும் இல்லை என்கிறான் ஒருவன். விடியும் நேரத்தில் மூவரையும் தொங்கவிடுகிறார்கள். திரும்பும் வழியில் எதிரே வருகிறார்கள் ஊர்க் காவலதிகாரியும், கூடவே அந்தக் கின்கெய்டும். உயிரோடு!

அந்தக் கூட்டத்தில் ஸ்பார்க்ஸ் என்றொரு கறுப்பர் வருகிறார். சாகப் போகிறவர்களுக்காக இறைவனை வேண்ட வந்தவர். தம் அண்ணனை இப்படியொரு கும்பல் கொன்றதைச் சிறு வயதில் கண்ணால் கண்டவர். தடுக்கத் துணிந்த மிகச் சிலரோடு நின்றவர் அவர். விஸ்டரின் நீதிபதி வேறு வேறு என்று பிரித்த இரண்டு கயிறுகளும் ஒரே கயிறுதான் என்று கிளார்க் காட்டிவிடுகிறார்.

இந்த நாவலை மூடிய கையோடு ஐடா வெல்ஸ் அம்மையாரின் தன் வரலாற்றைத் திறக்க வேண்டும். அவர் மறைந்தபின் மகள் பதிப்பித்து 1970-இல் வந்தது. 1892-இல், வயோமிங் போர் நடந்த அதே ஆண்டில், மெம்பிசில் மளிகைக்கடை நடத்திய மூன்று கறுப்பர்களைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப் போய்க் கொன்றது. எதிரே கடை வைத்திருந்த வெள்ளையனுக்குப் போட்டியாக விளங்கியதே அவர்களுடைய குற்றம். வெல்ஸ் தம் ஏட்டில் எழுதினார். மக்கள் டிராம் ஏறுவதை நிறுத்தினார்கள். கம்பெனிக்காரர்கள் அவர் அலுவலகத்துக்கே வந்து நின்றார்கள். மாண்ட்கமரிக்கு அறுபது ஆண்டு முன்பே! பிறகு அவர் ஏட்டின் அலுவலகத்தை ஒரு கும்பல் அழித்தது. அவர் ஓயவில்லை, ஊர் ஊராகக் கணக்கெடுத்தார், உண்மையை எழுதினார். கும்பல் கொலைக்கு எதிரான மசோதா அமெரிக்கப் பேரவையில் முதலில் வந்தது 1900-இல், சட்டமானது 2022-இல்!

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்கிறீர்களா? 2018 மே திங்களில், நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே, கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி, குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊர் கூடியது. வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி ஏற்கெனவே மூளையில் ஏறியிருந்தது. அடித்தே கொன்றார்கள். குதிரையில்லை, தொப்பியில்லை, துப்பாக்கியில்லை. மற்றதெல்லாம் அந்த நாவல்தான்!

அடித்தவர்கள் அயல்நாட்டார் அல்லர். நம்மைப் போன்ற உழைக்கும் மக்கள். இதை நாம் மறைக்கக் கூடாது. கூட்டத்திலே நின்றவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், "பொறு! பார்த்தவர் யார்? கேட்டவர் யார்?" என்று குறுக்கே விழுந்திருந்தால்? அப்படி விழும் ஒருவரை உண்டாக்குவதற்குத்தான் படிப்பகம். கைதட்டக் கற்றவர் போதாது, தோழர்களே. கேள்வி கேட்கக் கற்றவர் வேண்டும். நம் மேடையில் சொல்லப்படுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். சொந்தக் கட்சியின் ஏட்டை மட்டுமே படித்தவன் நல்ல தொண்டன் ஆகலாம். வதந்தி வந்த இரவில் அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்று உறுதி சொல்ல முடியாது.

ஆகவே நாம் அந்தப் படிப்பகத்தில் சொன்ன தீர்ப்பு இது. பரண் வேண்டாம், எல்லா நூலும் மேசைக்கு வரட்டும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம். ஆங்கிலம் அறிந்த தம்பி படித்துத் தமிழில் சொல்லட்டும். ஒரு வாரம் வரலாறு, ஒரு வாரம் நாவல். முடிந்ததும் அரைமணி நேரம் வாதம்; வயது பார்க்காமல், பதவி பார்க்காமல்.

மூத்த தோழர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அந்தக் குதிரைப்பட நூலைக் கையில் எடுத்து, தூசியைத் துடைத்து, தம்பியிடம் நீட்டினார். "அந்த மூணு பேரைத் தூக்கிலே போட்ட கதை இதுதானா? சரி, ஞாயிற்றுக்கிழமை முதலிலே இதைச் சொல்லு" என்றார்.

உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை என்ன படிக்கப் போகிறீர்கள்?